அந்தக் கண்ணாடி ஒன்பது நாள் கேட்டது

ராத்திரி ஒன்றரை மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம். தம்பி புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோய் அன்றைக்குப் பதினோராவது நாள். திருடன்தான் என்று நினைத்து, கையில் டார்ச்சோடு ஹாலுக்கு வந்திருக்கிறான். திருடனும் இல்லை, பூனையும் இல்லை. சுவரில் தாமரைக் குளம் மட்டும் பச்சையும் நீலமுமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் வலது மேல் மூலையில், விளிம்பிலிருந்து இலையின் நடுவரைக்கும், ஒரு வெள்ளைக் கோடு.

காலையில் ஆறு மணிக்கெல்லாம் எனக்கு போன். "அக்கா, அந்த ஆளு நம்மள ஏமாத்திட்டான். பாக்கிப் பணம் ஒரு பைசா தர மாட்டேன். நீங்களே சொல்லிருங்க."

நீங்களே சொல்லிருங்க என்றால், அவரைக் கைகாட்டியது நான்தான். ஒரு கைவினைக் கண்காட்சியில் அவர் செய்த கண்ணாடி மீன் ஒன்றைப் பார்த்து மயங்கி, நம்பர் வாங்கி வைத்திருந்தேன். தம்பி வீடு கட்டும்போது, ஹால் சுவருக்கு ஏதாவது வித்தியாசமாக வேண்டும் என்றான். அவன் மகள் கல்லூரியில் டிசைன் படிக்கிறாள். "அத்தை, ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடி வேணாம், ரெசின் ஊத்தினதும் வேணாம், அது ரெண்டு வருஷத்துல மஞ்சளா போயிடும். உருக்கி வார்த்த கண்ணாடி வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாமரைக் குளத்தை வரைந்ததும் அவள்தான். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் ஆறு துண்டு. சேர்த்து வைத்தால் மூன்றடி அகலம், இரண்டடி உயரம். பின்னால் எல்இடி விளக்கு.

வார்ப்புக் கண்ணாடியைப் பலர் பார்த்திருக்கலாம், அது எப்படி உருவாகிறது என்று யோசித்திருக்க மாட்டோம். நான் யோசித்ததில்லை. முதலில் களிமண்ணில் உருவம். அதன்மேல் பிளாஸ்டரும் சிலிக்கா மாவும் கலந்து ஊற்றி அச்சு. களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் கண்ணாடிக் கட்டிகளை அடுக்கி, அச்சோடு சேர்த்து உலைக்குள் வைக்கிறார்கள். 850 டிகிரிவாக்கில் கட்டிகள் தேன் மாதிரி இளகி மூலை முடுக்கெல்லாம் இறங்கும். ஊதி எடுக்கும் கண்ணாடியில் இருக்கும் பரபரப்பு இதில் கிடையாது. உலையை மூடிவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, உள்ளே பீரோ மாதிரி ஒரு உலை, அதில் ஒரு சின்ன டிஜிட்டல் எண். அவ்வளவுதான்.

இந்த வேலையைக் கலையாக உயர்த்தியவர்கள் ஒரு கணவன் மனைவி. எனக்கு அவர்களைப் பற்றிச் சொன்னதும் மருமகள்தான். செக் நாட்டில் ஜெலெஸ்னி பிரோட் என்று ஒரு சின்ன ஊர், கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது. யாரோஸ்லாவா பிரிஹ்தோவா அந்த ஊர்ப் பெண். சிற்பி. அங்கிருந்த கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவருடைய அப்பா. 1954-ல் அந்தப் பள்ளிக்குத் தலைவராக வந்தார் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி. ஓவியர். அவர் வரைந்து வைத்திருந்த ஒரு கிண்ணத்தின் படத்தைப் பார்த்தார் பிரிஹ்தோவா. கிண்ணத்துக்குள் ஒரு மனிதத் தலை. இதை நான் கண்ணாடியில் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டார். அதிலிருந்து ஆரம்பித்ததுதான். 1963-ல் திருமணம். 2002-ல் லிபென்ஸ்கி இறக்கும்வரை ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷம் அவர் வரைய, இவர் களிமண்ணில் உருவம் பிடித்து வார்க்க, எல்லாவற்றிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கும். வீட்டில் ஒரு சாம்பாருக்கு இரண்டு பேர் உப்புப் போட்டாலே சண்டை வருகிறது, இதை எப்படித்தான் சமாளித்தார்களோ.

அவர்கள் கண்டுபிடித்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஃபில்டரில் இறங்கின டிகாஷனைக் கவனித்திருப்பீர்கள். ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விட்டால் தேன் நிறம். டம்ளர் நிறைய ஊற்றினால் கறுப்பு. டிகாஷன் அதேதான், ஆழம்தான் வேறு. கண்ணாடியும் அப்படியே. ஒரே நிறக் கண்ணாடியை மெல்லிசாக வார்த்த இடத்தில் வெளிர் நீலமாகவும் கனமாக வார்த்த இடத்தில் நடுக்கடல் நீலமாகவும் தெரியும். அதனால் உருவத்தை முன்பக்கம் செதுக்காமல் பின்பக்கம் குழிவாக விட்டார்கள். முன்னால் நின்று பார்த்தால் வழவழப்பான கண்ணாடிதான், ஆனால் உள்ளே ஒரு முகம் மிதக்கும். வெளிச்சம் எங்கே சுலபமாக நுழைகிறதோ அங்கே நெற்றி, எங்கே திணறுகிறதோ அங்கே கண்குழி. தூரிகையின் வேலையை வெளிச்சம் செய்கிறது. எங்கள் தாமரைக் குளத்தில் இலை நரம்புகள் எல்லாமே இப்படிப் பின்பக்கப் பள்ளங்கள்தான். பச்சையில் ஒரே ஒரு பச்சைதான் வாங்கினோம். பார்ப்பவர்கள் நாலைந்து பச்சை என்று சத்தியம் செய்கிறார்கள்.

1970-ல் ஜப்பானில் ஒசாகா நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு அரங்குக்காக இந்தத் தம்பதி ஒரு கண்ணாடிச் சுவர் செய்தார்கள். 22 மீட்டர் நீளம். பெயர் 'வாழ்க்கை நதி'. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் டாங்கிகளோடு அந்த நாட்டுக்குள் புகுந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாய் திறந்து பேச முடியாத காலம். இவர்கள் நதியில் ஓரிடத்தை உறைந்த பனியாக வார்த்து, அந்தப் பனிமேல் பூட்ஸ் தடங்களைப் பதித்துவிட்டார்கள். யாருடைய பூட்ஸ் என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அதிகாரிகளும் புரிந்துகொண்டார்கள். தடங்களை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது, அகற்றப்பட்டன. அரசின் கோபப் பார்வை இருவர் மேலும் விழுந்தது. பத்திரிகையில் வந்த கட்டுரை என்றால் பக்கத்தைக் கிழித்துப் போடலாம். டன் கணக்கில் கண்ணாடியில் வார்த்ததை என்ன செய்வது? அந்தச் சங்கடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, விரிசலுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்குக் காரணம் உண்டு.

கண்ணாடியில் கஷ்டமான வேலை உருக்குவது இல்லை, ஆறவைப்பது. கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி விரிசல் விட்ட அனுபவம் எல்லா வீட்டிலும் இருக்கும். உள்பக்கம் சட்டென்று விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, இரண்டுக்கும் இழுபறி. வார்ப்புக் கண்ணாடி ஆறும்போது இது தலைகீழாக நடக்கும். மேல்பக்கம் முதலில் குளிர்ந்து இறுகிவிடும், நடுப்பகுதி சூடாகவே இருக்கும். பிறகு நடுப்பகுதியும் சுருங்கப் பார்க்கும்போது, மேல்பக்கம் விடாது. அந்த இழுப்பு அப்படியே உள்ளே தங்கிவிடும். வெளியில் பார்த்தால் தங்கக் கட்டி மாதிரி இருக்கும். ஒரு வாரமோ ஒரு வருஷமோ கழித்து, ஒரு சின்னத் தட்டலிலோ, ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற சூட்டிலோ போய்விடும்.

இழுப்பு தங்காமல் இருக்க, 500 டிகிரியை ஒட்டிய ஒரு சூட்டில் மணிக்கணக்கில் நிறுத்தி, அதன் பிறகு அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய நான்கு மடங்காம். ஒரே துண்டில் கனமும் மெல்லிசும் கலந்திருந்தால் இன்னும் நிதானம் வேண்டும், ஏனென்றால் மெல்லிய இடம் ஆறிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதில் உலகத்துக்கே பாடம் சொன்ன கண்ணாடி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பாலோமர் மலையில் உள்ள தொலைநோக்கிக்காக, கார்னிங் நிறுவனம் 1934 டிசம்பரில் 200 அங்குல அகல வட்டக் கண்ணாடி ஒன்றை வார்த்தது. 20 டன். அதற்கு முன் மார்ச் மாதம் வார்த்த முதல் கண்ணாடி, அச்சின் உள்பாகங்கள் பிய்ந்து மிதந்து வந்ததால் வீணாகப் போயிருந்தது. இரண்டாவதை ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக, பத்து மாதம்போல ஆறவிட்டார்கள். நடுவில் 1935 ஜூலையில் ஆற்றில் வெள்ளம் வந்து, மின்சாரக் கருவிகளைத் தூக்கி மேலே வைக்க வேண்டியதாகி, மூன்று நாள் சூடு நின்றுபோனது. எத்தனை பேர் அந்த மூன்று நாளும் தூங்காமல் இருந்திருப்பார்களோ! கண்ணாடி தப்பித்தது. இன்றைக்கும் அதை வைத்துத்தான் அங்கே நட்சத்திரம் பார்க்கிறார்கள்.

நம் தாமரைக் குளத்துக்குப் பத்து மாதமெல்லாம் வேண்டாம். சில இடங்களில் மூன்று சென்டிமீட்டர், சில இடங்களில் ஆறு. உலையில் ஒரு தடவைக்கு மூன்று துண்டுதான் கொள்ளும். "ஒரு ஈடுக்கு ஒன்பது நாள் ஆகும்க்கா, ரெண்டு ஈடு" என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். முதல் ஈடு நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது ஈடு போடும்போது அச்சு ஒன்று சரியாகக் காயாமல் நான்கு நாள் தள்ளிப்போனது. இங்கே கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று. தை மாதத்தில் அந்த ஒரு முகூர்த்தம்தான் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஒத்துவந்தது. சுவர் காலியாக இருந்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அம்மா வேறு.

அவருக்கு போன் போட்டது நான். "தம்பி, முகூர்த்தம் நிக்காது. அஞ்சு நாள்ல எடுத்திருங்க" என்றேன். "அக்கா, தெறிச்சிடும்க்கா" என்றார். "இத்தனை வருஷம் செய்றீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று கொஞ்சம் தேனையும் தடவினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிக்கா" என்றார்.

ஐந்தாம் நாள் எடுத்துவிட்டார். தம்பி அவர்மேல் பாய்ந்தபோது இதை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தார். சத்தம் போடத் தயாராக தம்பி சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றான். அவர் யாரிடமும் பேசாமல் துண்டுகளைக் கழற்றினார். மருமகளிடம் லேப்டாப் கேட்டார், வெள்ளைத் திரை வைக்கச் சொன்னார். சொரசொரப்பான பின்பக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார், அப்போதுதான் உள்ளே தெளிவாகத் தெரியுமாம். பையிலிருந்து ஒரு போலராய்டு கூலிங் கிளாஸ் எடுத்து, திரைக்கு முன்னால் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினார். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போனது. "இப்ப இதுக்குள்ள பாருங்க" என்று தம்பி கையில் கொடுத்துவிட்டு, திரைக்கும் கிளாஸுக்கும் நடுவில் ஒவ்வொரு துண்டாகப் பிடித்தார்.

முதல் ஈடு மூன்று துண்டும் கறுப்பாகவே இருந்தன. இரண்டாவது ஈட்டில் உடையாமல் மிச்சமிருந்த இரண்டும் மூலைகளில் பளீரென்று வெள்ளையாக எரிந்தன, ஓரத்தில் மஞ்சளும் ஊதாவுமாகப் பட்டைகூட. உள்ளே தங்கிய இழுப்பு அதுதான். நீங்களும் செய்து பார்க்கலாம். எல்சிடி திரை உள்ள லேப்டாப்பும் போலராய்டு கண்ணாடியும் போதும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைக் குறுக்கே பிடித்தாலே வானவில் தெரியும்.

"அப்ப இதுவும் உடையுமா?" என்றாள் தம்பி மனைவி.

"உடையலாம், உடையாமலும் இருக்கலாம் அண்ணி. நான் உறுதி சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் நான் போன் விஷயத்தைச் சொன்னேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

பழி முழுவதும் எனக்கு மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆறு துண்டையும் அலுமினிய ஃப்ரேமில் இடைவெளியே இல்லாமல் இறுக்கி, கல் மாதிரி இறுகும் பசையால் ஒட்டியிருந்தார் ஃப்ரேம் வேலை செய்தவர். இருபது டிகிரி சூடு ஏறினால், மூன்றடிக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு நீளும். அதே நீள அலுமினியம் அதைப்போல இரண்டரை மடங்கு நீளும். வித்தியாசம் மூன்று தலைமுடி கனம்தான். ஆனால் ஒட்டிக்கிடப்பதால் ஃப்ரேம் கண்ணாடியையும் கூட இழுக்கும். கண்ணாடி எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால்தான் தாங்காது. எலக்ட்ரீஷியன் தம்பியோ எல்இடி டிரைவர் பெட்டியை ஒளித்துவைக்க இடம் தேடி, வலது மேல் துண்டின் முதுகில் ஒட்டவைத்துவிட்டார். அந்தப் பெட்டிதான் சுடும். உடைந்தது அந்தத் துண்டு.

இப்போது மாற்றியிருப்பதைச் சொல்கிறேன், வீட்டில் இப்படி ஏதாவது வைக்க நினைப்பவர்களுக்கு உதவும். ஆறு துண்டும் சேர்த்து 56 கிலோ, ஒரு சிமென்ட் மூட்டைக்கும் மேல். நாலரை இஞ்ச் செங்கல் சுவரை நம்பாமல், பின்னால் தரையிலிருந்து எழுப்பிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம். கடலோர ஊராக இருந்தால் 304-க்குப் பதில் 316 ரகம் கேட்டு வாங்குங்கள், உப்புக் காற்றைத் தாங்கும். துண்டுகள் சட்டத்தின்மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கின்றன. சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, அதில் சிலிகான். சிலிகானிலும் வினிகர் வாசனை வருகிற ரகம் உலோகத்தை அரிக்கும் என்பதால், நியூட்ரல் என்று போட்டது. டிரைவர் பெட்டி பக்கத்து ஷோகேஸுக்குள் போய்விட்டது. விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பால் வெள்ளைத் தகடு, நான்கு விரற்கடை காற்று. இல்லாவிட்டால் குளத்துக்குள் புள்ளிப் புள்ளியாக பல்புகள் தெரியும். பக்கவாட்டில் ஒரு கதவு. கண்ணாடி நம் பேரன் காலத்துக்கும் இருக்கும், எல்இடி இருக்காது. அதை மாற்ற சுவரை உடைக்கும்படி செய்துவிடக் கூடாது.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டர் வாசலில் லீ லாரி என்ற சிற்பி 1933-ல் அமைத்த வேலை ஒன்று இருக்கிறது. மேலே கல்லில் செதுக்கிய தாடிக்காரப் பெரியவர், கீழே 55 அடி நீளக் கண்ணாடித் திரை, 240 வார்ப்புக் கட்டிகள். தொண்ணூறு வருஷ வெயிலும் பனியும் பார்த்துவிட்டு இன்னும் வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. மருமகள் அதன் படத்தை ஃப்ரேம்காரருக்கு அனுப்பி, "அண்ணே, இது மாதிரி நிக்கணும்" என்றிருக்கிறாள். அவர் ஒரு கும்பிடு எமோஜி போட்டார்.

பாக்கி 28,000 ரூபாயைத் தம்பி அன்றைக்கே கொடுத்துவிட்டான். புது மூன்று துண்டுக்கான கண்ணாடியும் கரண்ட்டும் என் கணக்கு. வேண்டாம் என்றவரிடம், என் வாய்க்கு அபராதம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை உலையை மூடினார். தினமும் ராத்திரி அந்த டிஜிட்டல் எண்ணை போட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார், மருமகள் அவரையும் குரூப்பில் சேர்த்துவிட்டாள். முதலில் 498. இரண்டு நாள் அதையொட்டியே நின்றது. பிறகு 471, 440. அம்மா தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார். நேற்று 386. "இன்னும் நாலு நாள்" என்று எழுதியிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. தம்பி மட்டும், "மெதுவா எடுங்க" என்று பதில் போட்டிருந்தான்.